லேசர் கட்டிங் கொடுக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு: 3 மி.மீ. என்று சொல்லி 2.6 மி.மீ. பலகையில் வெட்டிக் கொடுத்தார்கள்

மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். அவள் மேசையில் பேனா, காம்பஸ் பெட்டி, ஃபெவிஸ்டிக், சார்ஜர் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும். மரத்தில் நானே ஒரு டெஸ்க் ஆர்கனைசர் செய்து தருவதாகச் சொல்லியிருந்தேன். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளைக் கற்றுக்கொண்டு, இரண்டு வாரம் ராத்திரி உட்கார்ந்து வரைந்தேன். அகலம் 300, ஆழம் 150, உயரம் 120 மி.மீ. ஐந்து அறைகள், கீழே ஒரு சின்ன இழுப்பறை, மொத்தம் 17 துண்டுகள். பசை போடாமல் ஒன்றோடொன்று கோத்து நிற்கும்படி ஓரமெல்லாம் பல்லும், அந்தப் பல் நுழையும் பள்ளமான காடியுமாக வரைந்திருந்தேன்.

கோவையில் ஒரு லேசர் கட்டிங் கடையில் கொடுத்தேன். கடைப் பெயரைப் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது நடக்கட்டும். 3 மி.மீ. எம்.டி.எஃப் (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்தது) பலகை, வெட்டுக்கூலி நிமிடத்துக்கு 15 ரூபாய் என்று பேச்சு. ஃபைலைத் திறந்து பார்த்தவர், "25 நிமிஷம் ஓடுங்க, பலகையோட சேர்த்து 600 ரூபாய்க்குள்ள முடிஞ்சிரும்" என்றார். 500 ரூபாய் முன்பணம் ஜிபேயில் அனுப்பினேன்.

மறுநாள் போனால் பில் 1,300 ரூபாய். வெட்டியது 62 நிமிடமாம், அதற்கு 930. பலகைக்கு 220. டிராயிங் செக் பண்ணியதற்கு 150. அப்படி ஒரு கூலி உண்டு என்று முதல் நாள் யாரும் சொல்லவில்லை. பில் என்று கொடுத்ததும் ஒரு துண்டுச் சீட்டுதான், ஜி.எஸ்.டி. எண் இல்லை, கடைப் பெயர்கூட இல்லை. துண்டுகளை நியூஸ்பேப்பரில் சுற்றி டேப் ஒட்டி வைத்திருந்தார்கள். பின்னால் நாலு பேர் காத்துக்கொண்டிருந்ததால் பிரித்துப் பார்க்காமல் பணத்தைக் கட்டிவிட்டு வந்தேன். அங்கேயே பிரித்திருக்க வேண்டும்.

வீட்டில் பிரித்ததும் கையெல்லாம் கரி. வெட்டிய ஓரம் பழுப்பாகத்தான் இருக்கும் என்பது தெரியும், ஆனால் இது அடுப்புக்கரி மாதிரி விரலில் ஒட்டியது. பலகை எம்.டி.எஃப் இல்லை, பிளைவுட். நாலைந்து துண்டுகளில் லேசர் முழுசாக உள்ளே இறங்கவே இல்லை. கையால் தட்டிப் பிரித்திருக்கிறார்கள், பின்பக்கம் மேல்தாள் பிய்ந்து சிலாம்பாக நின்றது. கோத்துப் பார்த்தால் ஒரு பல்லும் காடியில் நிற்கவில்லை, லொடலொடவென்று ஆடியது. நிமிர்த்தி வைத்த பெட்டி கையை எடுத்ததும் சரிந்தது. மகள் ஒன்றும் சொல்லாமல் துண்டுகளைப் பொறுக்கி அடுக்கி வைத்தாள்.

போன் செய்தேன். "எம்.டி.எஃப் ஸ்டாக் இல்லைங்க, இது அதைவிட நல்ல அயிட்டம். லூசா இருக்குதுன்னா உங்க டிராயிங்லதான் தப்பு" என்றார். புதிதாகக் கற்றுக்கொள்கிறவனிடம் இதைச் சொன்னால் நம்பிவிடுவான். நானும் இரண்டு நாள் நம்பினேன்.

அப்புறம் பக்கத்து வீட்டில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் வெர்னியர் (கனத்தை நுட்பமாக அளக்கும் கருவி) வாங்கி அளந்தேன். பலகையின் கனம் 2.6, சில இடத்தில் 2.5. நான் காடி வரைந்தது 3 மி.மீ.க்கு. லேசர் போகும் வழியில் தானும் கொஞ்சம் மரத்தைத் தின்னும், அதைக் கெர்ஃப் என்கிறார்கள். இங்கே அது 0.2 மி.மீ. இருந்தது. ஆகக் காடி 3.2, பலகை 2.6. எப்படி நிற்கும்? கெர்ஃபுக்கு இடம் விடாதது என் தவறு, ஒத்துக்கொள்கிறேன். பலகையை மாற்றியது என் தவறு இல்லையே.

62 நிமிடக் கணக்கு இன்னொரு கடைக்குப் போனபோது புரிந்தது. அங்கிருந்த தம்பி ஃபைலைத் திறந்ததும், "அண்ணா, ஒட்டி ஒட்டி வெச்ச துண்டுகளுக்கு நடுவுல கோடெல்லாம் டபுளா இருக்கு, மிஷின் ஒரே இடத்துல ரெண்டு தடவ வெட்டும்" என்று காட்டினார். வெட்டுவதற்கு முன் எவ்வளவு நேரம் ஆகும் என்று திரையில் காட்டும் பிரிவியூவில் 31 நிமிடம் வந்தது. இரட்டைக் கோடுகளை அழித்ததும் 24. என் தப்பையெல்லாம் சேர்த்தாலும் 31தான். மீதி எங்கிருந்து வந்தது? பிளைவுட்டுக்குள் அடுக்குக்கு அடுக்கு பசை இருக்கிறது, முடிச்சு இருக்கிறது. எம்.டி.எஃப்புக்கு வைத்த வேகத்தில் லேசர் அதில் இறங்காது. கரியையும் இறங்காத துண்டுகளையும் பார்த்துவிட்டு, இரண்டு முறை ஓட்டியிருப்பார்கள் என்றார் அந்தத் தம்பி. அவர்களாகப் பலகையை மாற்றிவிட்டு, அதனால் கூடிய நேரத்துக்கும் என்னிடமே கூலி வாங்கியிருக்கிறார்கள். எனக்கு ஆறாத கோபம் அதில்தான்.

நீங்கள் கொடுக்கப் போவதாக இருந்தால், பலகையைக் கண்ணால் பார்த்து, வெர்னியர் வைத்து நாலு மூலையிலும் அளந்த பிறகு காடியை முடிவு செய்யுங்கள். பிரிவியூ திரையில் வரும் நேரத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு, மொத்தத் தொகையை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். மிச்சப் பலகையைக் கேட்டு வாங்குங்கள். 220 ரூபாய்க்கு முழுப் பலகை என் கணக்கில் எழுதியவர்கள், மிச்சத்தைக் கண்ணில்கூடக் காட்டவில்லை. இன்னொன்று, டி.எக்ஸ்.எஃப் என்ற வகை டிராயிங் ஃபைல் சில மிஷினில் அளவு மாறித் திறக்கும். ஓரத்தில் 100 மி.மீ. சதுரம் ஒன்று வரைந்து வையுங்கள், திரையில் அது 100 காட்டுகிறதா என்று பார்த்தால் போதும்.

இரண்டாவது முறை எம்.டி.எஃப்பை நானே வாங்கிப் போனேன். அதுவும் 3 இல்லை, 2.9. முதலில் சீப்பு மாதிரி ஒரு சின்னத் துண்டு வெட்டச் சொன்னேன், அதில் 2.5, 2.6, 2.7, 2.8, 2.9 என்று ஐந்து காடிகள். பலகையை ஒவ்வொன்றிலும் செருகிப் பார்த்தால் 2.7இல் (கெர்ஃப் சேர்ந்ததும் அது கிட்டத்தட்ட 2.9 ஆகிவிடும்) கட்டைவிரலால் அழுத்தியதும் கிரீச்சென்று இறங்கி அப்படியே நின்றது. எல்லாக் காடியையும் அதற்கு மாற்றி வெட்டினோம். கூலி 432 ரூபாய், பெயரும் எண்ணும் போட்ட பில்லோடு.

பழைய கடைக்காரர் பணம் திருப்பித் தர மறுத்துவிட்டார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். முறையான பில் இல்லாததால் ஜிபே ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, வெர்னியர் வைத்து எடுத்த போட்டோ மூன்றையும்தான் கொடுத்திருக்கிறேன். அந்த 17 துண்டுகளையும் அதே நியூஸ்பேப்பரில் சுற்றிப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.