மென்மையாக இருந்த வயிற்றை நம்பாத மருத்துவர்

அம்மாவைக் கொண்டுபோன அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். அந்த நான்கும் அன்று பணியில் இருந்த இளம் மருத்துவருக்கு உரியவை.

இடது அடிவயிற்றில் வலி, லேசான காய்ச்சல். அம்மாவுக்குப் பெருங்குடலில் சிறு பைகள் இருப்பதும், அவை அழற்சி கண்டு டைவர்டிகுலைடிஸ் வந்து மாத்திரையில் தணிந்ததும் பழைய கதை. இதுவும் அதுதான் என்று மாத்திரை எழுதி அனுப்பியிருக்கலாம். தொட்டால் வயிறு மென்மையாகத்தான் இருந்தது. ஆனால் மருத்துவர் மருந்துச் சீட்டைக் கேட்டு வாங்கினார். முடக்குவாதத்துக்காக அம்மா நெடுநாளாக எடுத்துவரும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டில் அவர் விரல் நின்றது. "ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்குக் குடலில் ஓட்டை விழுந்தாலும் வயிறு இறுகாமல் போகலாம், காய்ச்சலும் ஏறாமல் இருக்கலாம். நாடி 118 ஓடுகிறது அம்மா, எனக்கு அதுதான் கவலை" என்றார்.

பிறகு எதற்கும் காத்திருக்கவில்லை. ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் கல்ச்சருக்கும், தொற்றால் உடல் எவ்வளவு திணறுகிறது என்று காட்டும் லாக்டேட்டுக்கும் ரத்தம் எடுத்த கையோடு சலைன், ஆன்டிபயாடிக். திடீரென்று நிறுத்தக் கூடாது என்பதால் ஸ்டீராய்டை ஊசியாகத் தொடர்ந்தார்கள். ஸ்கேனுக்குப் போகும் முன்பே அறுவைச் சிகிச்சை நிபுணருக்குத் தகவல் போய்விட்டது. சிறுநீரோடு காற்று வருகிறதா என்றும் கேட்டார். குடலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் இடையே புழை விழுந்தால் அப்படி வருமாம்.

சி.டி. ஸ்கேனில் 5 செ.மீ. சீழ்க்கட்டி. அதன் ஓரத்தில் கடுகளவு கறுப்புப் புள்ளிகள்: குடலுக்கு வெளியே கசிந்த காற்று. சீழ் ஓரிடத்தில் அடங்கியிருந்ததால் ஸ்கேன் உதவியோடு குழாய் செருகி வடித்தார்கள். வயிறு முழுக்கப் பரவியிருந்தால் குடலின் அந்தப் பகுதியையே வெட்டி எடுக்க வேண்டியிருக்கும், மலம் வெளியேற வயிற்றில் ஒரு திறப்பு அமைக்கவும் நேரலாம் என்பதை மறைக்காமல் சொன்னார். பயமாக இருந்தது; ஆனாலும் அந்த நேர்மை எனக்குத் தேவைப்பட்டது. அழற்சி அடங்கி ஆறு முதல் எட்டு வாரம் கழித்து, கேமராக் குழாயைப் பெருங்குடலுக்குள் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபி. வீங்கிய குடலில் இப்போதே கருவியை விட்டால் கிழியக்கூடும்.

குறைந்த ஒரு மதிப்பெண் பதிவு மேசைக்கு. வெறும் 'வயிற்றுவலி' என்று எழுதி, நாடிகூடப் பார்க்காமல் அம்மாவை வரிசையில் உட்கார வைத்தார்கள். முதியவர்களிடமும் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களிடமும் வலி குறைவாகவே தெரியலாம், உள்ளே நடப்பது வேறாக இருக்கலாம். என்னென்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று அந்த மேசையிலேயே கேட்டிருக்க வேண்டும். படிவத்தில் அந்தக் கேள்வியைச் சேர்க்கும்படி நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.