உள்பூச்சு போட்ட எஃகு டைவிங் சிலிண்டர்கள்: பல வருடப் பயன்பாட்டில் பார்த்தவை

என்னிடம் இருப்பவை பழைய 72 கன அடி எஃகு சிலிண்டர்கள். 2250 பிஎஸ்ஐ அழுத்தத்துக்கு உரியவை, உள்ளே எப்பாக்ஸி என்ற பிசின் பூச்சோடு வந்தவை. துருப் பிடிக்கக் கூடாது என்றுதான் அந்தப் பூச்சைப் போட்டார்கள். முழுசாக இருக்கும்வரை அது நன்றாகவே காக்கிறது. எங்காவது மயிரிழை விரிசல் விட்டால் ஈரம் அடியில் போய்த் தங்கிவிடும். வெற்று எஃகில் பரவலாகப் படிகிற துரு, இங்கே ஒரே இடத்தில் குழியாக இறங்கும். மேலே பூச்சு பளபளவென்றே இருக்கும்!

அதனால் வருடாந்திரப் பரிசோதனையில் பளபளப்பை நான் நம்புவதே இல்லை. காற்றை முழுக்க வெளியேற்றி வால்வைக் கழற்றியதும், சிலிண்டரை வெள்ளைத் துணிமேல் கவிழ்த்துத் தட்டுவேன். பூச்சுச் செதில் விழுந்தால் அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். செம்பழுப்புக் கறை ஒட்டியிருந்தால் அடியில் துரு இருக்கிறது. அப்புறம் சின்ன விளக்கை உள்ளே இறக்கி, வெளிச்சம் சுவரோடு சாய்வாக விழும்படி பிடிக்க வேண்டும். நேராக அடித்தால் கொப்புளம் கண்ணில் படாது, சாய்த்தால் அதன் நிழல் காட்டிக்கொடுத்துவிடும். அடிப்பாகத்தை நிதானமாகப் பாருங்கள், தண்ணீர் தேங்கும் இடம் அது. கழுத்துக்குக் கீழே உள்ள தோள் வளைவுக்குச் சின்னக் கண்ணாடியோ, உள்ளே விட்டுப் பார்க்கும் குழல் கருவியான போரோஸ்கோப்போ தேவை. சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கும் அழுத்தத்துக்குக் குறைத்துத் தரும் ரெகுலேட்டரின் நுழைவாய் வடிகட்டி சிவந்திருந்தால் அதுவும் நல்ல தடயம்.

ஹைட்ரோ சோதனையில், அதாவது தண்ணீர் நிரப்பி அழுத்தம் கொடுக்கும் சோதனையில், தேறிவிட்டதே என்பார்கள். சிலிண்டர் மொத்தமாக எவ்வளவு விரிந்து எவ்வளவு பழைய நிலைக்குத் திரும்புகிறது என்பதைத்தான் அது அளக்கிறது. தனியாக இருக்கும் ஒரு குழி அதில் தப்பிவிடலாம்.

இன்னொரு ஆபத்தைப் பலர் யோசிப்பதில்லை. துரு வளர ஆக்சிஜன் வேண்டும், மூடிய சிலிண்டரில் அதை நாம் சுவாசிக்க வேண்டிய காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும். உள்ளே ஈரத்தோடு மாதக்கணக்கில் கிடந்த சிலிண்டரில் வாசனையோ ருசியோ மாறாமலே ஆக்சிஜன் குறைந்திருக்கலாம். அப்படிக் கிடந்த காற்றைத் தயவுசெய்து சுவாசிக்காதீர்கள். திறந்து வெளியேற்றுங்கள், உள்ளே பார்த்த பிறகு நிரப்புங்கள்.

கொப்புளங்கள் தெரிந்ததும் பூச்சை முழுவதுமாக எடுக்கச் சொன்னேன். பயிற்சி பெற்ற பரிசோதகர் உராய்வுக் கற்களைப் போட்டு உருட்டி எடுத்தார், பொறுமை வேண்டிய வேலை. அதற்குப் பிறகுதான் குழிகளின் ஆழத்தையே அளக்க முடிந்தது. ஒரு சிலிண்டரைக் கழித்துவிட வேண்டியதாயிற்று. மற்றவை இப்போது வெற்று எஃகாகவே ஓடுகின்றன. மறுபடி பூச்சுப் போடும் எண்ணம் இல்லை. உலர்ந்த காற்றை நிரப்பி, தண்ணீருக்கடியில் முழுசாகக் காலியாக விடாமல் பார்த்துக்கொண்டால் வெற்று எஃகே போதும், துரு வந்தாலும் கண்ணுக்குத் தெரியும்.