கொழிஞ்சாம்பாறையிலிருந்து வரன் தேடல்: ஒரு திருமணச் செயலியோடு நெடுநாள் பழகிய அனுபவம்

பொள்ளாச்சியில் இருக்கும் என் சகலை, தம் மகனுக்காகக் கட்டணத் திட்டத்தில் சேரலாமா என்று கேட்டிருக்கிறார். என் மகளுக்காக நாங்கள் முழுத் தொகை கட்டிச் சேர்ந்த அதே திருமணச் செயலி, இப்போது தள்ளுபடியில் ஏறக்குறையப் பாதி விலைக்குக் கிடைப்பதால் அவருக்கு வந்த ஆசை இது. படம் ஏற்றுவது, விருப்பம் தெரிவிப்பது, கைப்பேசி எண்ணைப் பார்ப்பது போன்றவை எல்லாச் செயலிகளிலும் ஒன்றுதான் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் மனம் ஆறாது. எங்கள் கொழிஞ்சாம்பாறை, கேரளத்தில் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிறது. 1956 நவம்பர் 1 அன்று கேரளம் உருவானபோது இந்தப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. சந்தைக்கும் சம்பந்தத்துக்கும் பொள்ளாச்சி, கோயம்புத்தூர் என்றே இன்றுவரை பழக்கம். செயலிக்கோ 678 என்று தொடங்கும் அஞ்சல் எண்ணைக் கண்டவுடன் எல்லாம் தெளிவாகிவிட்டது: தாய்மொழி மலையாளம் என்று தானாகவே நிரப்பிக்கொண்டது, அதையொட்டிச் சாதிப் பட்டியலும் மாறி, எங்கள் சமூகத்தின் பெயரே அதில் இல்லாமல் போயிற்று. தாய்மொழியைத் தமிழ் என்று திருத்தினால் பட்டியல் சரியாகிறது. ஆனால் செயலியைப் புதுப்பிக்கும்போதெல்லாம் பழையபடி மலையாளத்துக்குத் திரும்பிவிடுகிறது. வாடிக்கையாளர் சேவையைத் தொடர்பு கொண்டு முறையிட்டால், "சேட்டா" என்று அன்போடு அழைத்து, மலையாளத்திலேயே வருத்தம் தெரிவிக்கிறார்கள். மலையாளம் எனக்கு நன்றாகவே வரும் என்பது வேறு விஷயம்.

இதைவிடப் பெரிய சங்கடம் மாநிலம் என்ற கட்டத்தில் இருக்கிறது. மாநில எல்லையிலுள்ள கோபாலபுரம் சோதனைச் சாவடிக்கு அப்பால், பேருந்தில் போய் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடக்கூடிய தொலைவில் இருக்கும் பிள்ளை வீட்டார், எதிர்பார்ப்புப் பகுதியில் "தமிழ்நாடு" என்று மட்டும் குறித்திருந்தால், ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சென்னைப் பெண்கள் அவர்கள் திரையில் வரிசையாக வருவார்கள். என் மகள் வரமாட்டாள். எங்களுக்கு "உங்கள் அருகில்" என்று சொல்லிக் காட்டியவற்றில் வடகோடியான காசர்கோட்டு வரனும் உண்டு. எப்படியோ எங்கள் பக்கத்தைக் கண்டுபிடித்து அழைத்த பொள்ளாச்சி அம்மா ஒருவர் கேட்ட முதல் கேள்வி, "ஏனுங்க, புள்ளைக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியுமுங்களா?" என்பது. தமிழ் வழியில் பத்தாம் வகுப்பு வரை படித்த என் மகள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

இத்தனைக்கும் பின்னாலிருக்கும் கணக்கு அற்பமானதன்று. 1962 இல் டேவிட் கேல், லாயிட் ஷேப்லி என்ற கணிதவியலாளர் இருவர், ஒவ்வொருவரும் எதிர்த்தரப்பினரை விருப்ப வரிசையில் அடுக்கிக் கொடுத்தால், தத்தம் இணையை விட்டுவிட்டு ஒருவரையொருவர் நாடக்கூடிய இருவர் மிஞ்சாதபடி எல்லாரையும் ஜோடி சேர்க்கலாம் என்று நிறுவினார்கள். இந்தத் துறைப் பங்களிப்புக்காக ஷேப்லியும் ஆல்வின் ராத்தும் 2012 இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றார்கள். ஹிஞ்ச் என்ற டேட்டிங் செயலி இந்த வழிமுறையைத் தன் பரிந்துரைகளில் பயன்படுத்துகிறது. ஆனால், வரிசையிலேயே ஏறாத பெயரை எந்தக் கணக்கும் ஜோடி சேர்க்காது. எங்கள் பெயர் கணக்குக்கு வருமுன்பே, வடிகட்டியில் கழிந்துவிடுகிறது.

திருமண வலைத்தளங்கள் தாங்கள் திருமணத்துக்கு மட்டுமே, டேட்டிங்குக்கு அல்ல என்று அறிவிக்க வேண்டும் என 2016 இல் மத்திய அரசு நெறிமுறை வெளியிட்டது. நல்லதுதான். ஆனால் அந்த இன்னொரு வகைச் செயலி தொலைவைக் கிலோமீட்டரில் அளக்கிறது என்பதை என் மகள்தான் காட்டினாள்: நாற்பது என்று வைத்தால் பாலக்காடு, பொள்ளாச்சி, கோவை மூன்றும் ஒரே வட்டத்துக்குள் வருகின்றன, வேலந்தாவளத்தில் ஓர் எல்லைச் சாவடி இருப்பதே அதற்குத் தெரியாது. தகப்பன் என்ற முறையில் அதை நான் பரிந்துரைக்க இயலாது. நில அளவில் மட்டும் அதுவே நியாயமாக நடந்துகொள்கிறது.

நான் எதிர்பாராமல் மகிழ்ந்த இடம் ஜாதகப் பகுதி. எங்கள் ஊரில் தமிழ் ஜோதிடர் பத்துப் பொருத்தம் பார்ப்பார், மலையாள ஜோதிடரான பணிக்கர் பாபசாம்யம், அதாவது இரு ஜாதகங்களின் தோஷங்களும் ஈடாகின்றனவா என்று பார்ப்பார். இரண்டையும் செயலி நொடியில் தந்துவிடுகிறது. என் மகளின் கையெழுத்து ஜாதகம், பழைய பஞ்சாங்க முறையான வாக்கியப்படி ரோகிணி நான்காம் பாதம். செயலி இன்னொரு பஞ்சாங்க முறையான திருக்கணிதப்படி கணித்து மிருகசீரிடம் முதல் பாதம் என்றது. அஸ்தம் நட்சத்திரப் பையன் ஒருவனுக்கு, முதல் கணக்கில் இருவரும் கண்ட ரஜ்ஜு; பத்தில் ஒன்றான ரஜ்ஜுப் பொருத்தத்தில் இருவருக்கும் ஒரே ரஜ்ஜு வரக்கூடாது, ஆகவே பொருத்தமில்லை. இரண்டாவதில் இவள் சிரசு ரஜ்ஜு, பொருத்தம் உண்டு. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வசதியைத் தரகர் யாரும் எங்களுக்குத் தந்ததில்லை.

ஆனால் அந்த வசதி ஒரு பழைய மரியாதையை ஒழித்துவிட்டது. முன்பெல்லாம் வேண்டாம் என்பதைச் சொல்ல "ஜாதகம் சேரவில்லை" என்ற ஒரு வார்த்தை போதும். இரு வீட்டாரும் மனக்கசப்பின்றி விலகுவார்கள். இப்போது பத்துக்கு எட்டு என்று இரு தரப்புத் திரையிலும் பச்சை எழுத்தில் நிற்கும்போது யாரால் அப்படிச் சொல்ல முடியும்? எனவே புதிய காரணம் தேடுகிறார்கள், எங்களைப் பொறுத்தவரை அது தயாராகவே இருக்கிறது: "கேரளா கொஞ்சம் தூரமுங்க." இதைச் சொன்னவர்களில் ஒருவர் ஆனைமலைக்காரர்!

சுயபடம் எடுத்து முகத்தைச் சரிபார்க்கும் ஏற்பாட்டால் போலிகள் குறைந்திருக்கின்றன. படங்களைப் பூட்டி வைக்கலாம் என்பது பெண் வீட்டாருக்கு நிம்மதி. தரகர் கமிஷனோடு ஒப்பிட்டால் முழுக் கட்டணமே மலிவு. இவ்வளவும் உண்மை. இருந்தும், நேற்றுக்கூடப் புதுப்பித்த கையோடு தாய்மொழிக் கட்டம் மறுபடி மலையாளத்துக்குப் போயிருப்பதைக் கண்ட பிறகு, பணம் கட்ட வேண்டாம் என்றே சகலையிடம் சொல்லிவிட்டேன். என் மனைவி தன் தங்கையிடம் தனியாக வேறு என்ன சொல்லியிருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். கட்டியே தீர்வோம் என்றால் குறுகிய காலத் திட்டமே போதும். மாநிலம் கேட்கும் கட்டத்தில் தமிழ்நாட்டோடு கேரளத்தையும் மறவாமல் குறித்துவிடட்டும், சித்தூர் தாலுகாவில் தமிழ் படித்த பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.