இடது கைக்கு வராத பிபி

இந்த முறை லண்டனிலிருந்து வந்து கும்பகோணத்தில் இருந்த மூன்று வாரத்தில் பேங்க், ஆதார், தங்கையின் வளைகாப்பு எல்லாம் ஒழுங்காகவே முடிந்தன. மனதில் நிற்பது ஒரு பிபி மெஷின்தான்.

அக்கா மகளுக்கு 24 வயது. ஆறு மாதமாக அசதி, எடையும் குறைந்திருக்கிறது. கொடியில் துணி காயப்போட்டால் இடது கை கடுத்து, பாதியில் இறக்கிவிடுவாள். ரத்தசோகை என்று சத்து மாத்திரை, டிபியோ என்று சளிப் பரிசோதனை. கல்யாணம் ஆனால் சரியாகும் என்றது எதிர்வீடு.

நான் அழைத்துப்போனது புது ஆஸ்பத்திரி. ஏசி, கண்ணாடிக் கதவு, பாத்ரூமில் சோப்புகூட இருந்தது! நர்ஸ் இடது கையில் பட்டையைச் சுற்றினார். எரர். பேட்டரி மாற்றினார்கள். மறுபடி எரர். வேறு மெஷின் வந்து 84 காட்டியது. "லோ பிபி, மோர்ல உப்பு போட்டுக் குடிங்க." தொள்ளாயிரம் ரூபாய். வலது கையைப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

அக்கா பிடிவாதமாகப் பழைய தெரு டாக்டரிடம் இழுத்துப்போனாள். அதே பெஞ்ச், அதே தகர டோக்கன். அவர் இரண்டு மணிக்கட்டையும் ஒரே நேரத்தில் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டார். லண்டனில் எங்கள் குடும்ப டாக்டர் பத்து நிமிஷமும் கம்ப்யூட்டரைத்தான் பார்ப்பார். "பாப்பா, இடது கையில நாடியே இல்லையேம்மா." பாதரச மானியில் வலது கைக்கு 152. இரண்டு கைக்கும் பத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தாலே யோசிக்கணும் என்றார். காரை எலும்புக்கு மேல் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து என்னையும் கேட்கச் சொன்னார். விரலால் பாதி அடைத்த ஹோஸில் தண்ணீர் போவதுபோல உஸ்... உஸ்...

நோயின் பெயர் தகயாசு. இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான பெருநாடியிலும் அதன் கிளைகளிலும் அழற்சி வந்து, சுவர் தடித்து, வழி குறுகும். பெரும்பாலும் நாற்பதுக்குள் இருக்கும் பெண்களுக்கு. 1908-ல் தகயாசு என்ற ஜப்பானியக் கண் டாக்டர் 21 வயதுப் பெண்ணின் விழித்திரை ரத்தக்குழாய்களில் கண்ட மாற்றத்தைச் சொன்னதால் அந்தப் பெயர் என்று ராத்திரி படித்தேன். அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான ஈஎஸ்ஆர் நார்மலாக வந்தாலும் விட்டுவிடாதீர்கள், படம் எடுத்துப் பாருங்கள் என்றிருந்தார் டாக்டர்.

மறுநாளே தஞ்சாவூரில் சிடி ஆஞ்சியோ, அதாவது ரத்தக்குழாய்களைக் காட்டும் ஸ்கேன். லண்டனில் இதற்குக் கடிதம் வரவே வாரக்கணக்காகும். இடது தோளுக்குப் போகும் குழாய் நூலாகத் தெரிந்தது. வாதநோய் நிபுணர் ஸ்டீராய்டு ஆரம்பித்துவிட்டார்.

பழைய டாக்டர் நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு, சீட்டின் தலையில் சிவப்பு மையில் எழுதினார்: பிபி வலது கையில் மட்டும் பார்க்கவும். அதை லேமினேட் செய்து அவள் கைப்பையில் போட்டுவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.