பிளெண்டருக்குள் பைத்தான்: சின்ன ஸ்டூடியோவுக்குக் கட்டுப்படியாகுமா?

பிளெண்டர் என்கிற இலவச 3டி அனிமேஷன் மென்பொருள் நல்லதா என்று சொல்லும் ரிவ்யூ இல்லை இது, அதற்கு யூடியூபில் வேண்டிய மட்டும் கிடக்கிறது. அதற்குள்ளே இருக்கும் பைத்தான் ஸ்கிரிப்டிங், அதாவது பைத்தான் மொழியில் கட்டளை எழுதி வேலையைத் தானாக ஓடவைப்பது, அது மட்டும்தான் இங்கே விஷயம். இரண்டு மூன்று பேர் சேர்ந்து அனிமேஷன் செய்கிற இடத்துக்கு அது கட்டுப்படியாகுமா என்றால், ஆகும். ஒரே நிபந்தனை, புது வெர்ஷன் வந்ததும் பாய்ந்து போய் இறக்குகிற பழக்கம் இருக்கக் கூடாது.

நாங்கள் மார்த்தாண்டம் பக்கம். கோடை லீவுக்கு முன்னால் வி.பி.எஸ். (சர்ச்சுகள் நடத்தும் விடுமுறை வேதாகமப் பள்ளி) ஆக்‌ஷன் பாட்டு வீடியோக்கள் குவியும், மற்ற மாதங்களில் ஜவுளிக்கடை விளம்பரம், குழந்தைப் பாட்டு, எப்போதாவது கல்யாண அழைப்பு. களியக்காவிளையைத் தாண்டினால் மலையாளம், அதனால் பார்ட்டிகளில் பாதிப் பேர் “அப்படியே மலையாளத்திலயும் ஒண்ணு போட்டுத் தந்திருங்க” என்பார்கள், தனிக் காசு என்ற பேச்சே இல்லாமல். படம் அதேதான், ஆனால் வாயசைவு மாறும், எழுத்து மாறும். மூன்று நிமிடப் பாட்டு, செகண்டுக்கு 24 ஃப்ரேம் என்றால் 4320 ஃப்ரேம். இதில் இரண்டு மொழிக்கும் வாயைக் கையால் வைத்துக்கொண்டிருந்தால் கிடைக்கிற காசு டீச்செலவுக்குக்கூடக் காணாது.

ஸ்கிரிப்ட் முதலில் காப்பாற்றியது அங்கேதான். ருபார்ப் லிப் சிங்க் என்று ஓர் இலவசக் கருவி இருக்கிறது, ஜன்னல் பட்டன் எதுவும் கிடையாது, கமாண்ட் லைனில் (கட்டளையைத் தட்டி) ஓடுவது. குரல் ஃபைலைக் கொடுத்தால் எந்த நொடியில் எந்த வாய் என்று ஒரு பட்டியலைத் துப்பும். அடிப்படை வாய்கள் ஆங்கில எழுத்து ஏ முதல் எஃப் வரை ஆறு, கூடுதலாக ஜி, எச், எக்ஸ். ஏ என்றால் உதடு மூடியது, நம் ப, ம வரும் இடம். எஃப் என்றால் உதடு குவிந்தது, உ, ஊ. மேல்பல் கீழுதட்டில் படுவது ஜி, வ-வுக்கு அதுதான் சரியாக வரும். ருபார்ப் ஆங்கிலத்தை வைத்துச் செய்யப்பட்டது என்று சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள், ஆனால் சொல்லைக் கண்டுபிடிக்க முயலாமல் ஒலியை மட்டும் பார்க்கிற இன்னொரு முறையும் அதில் உண்டு, ஃபொனெட்டிக் என்று கேட்டு வாங்க வேண்டும். தமிழ், மலையாளம் இரண்டுக்கும் அதுவே போதும். இசையோடு கொடுக்காதீர்கள், தனிக் குரல் டிராக்கைக் கொடுங்கள்.

அந்தப் பட்டியலைப் படித்து, நொடியை 24-ஆல் பெருக்கி, அந்த ஃப்ரேமில் வாய் எண்ணுக்கு (ஒவ்வொரு வாய்க்கும் ஓர் எண்) ஒரு கீஃப்ரேம், அதாவது இந்த ஃப்ரேமில் இந்த மதிப்பு என்ற குறி, போடுவது பிளெண்டர் ஸ்கிரிப்டின் வேலை, முப்பது நாற்பது வரிக்குள் அடங்கும். கவனிக்க வேண்டியது ஒன்று: கீஃப்ரேமின் இன்டர்போலேஷனை (அடுத்த கீஃப்ரேம் வரை மதிப்பு மாறும் விதத்தை) கான்ஸ்டன்ட் (நடுவில் மாறாதது) என்று மாற்றச் சொல்லி ஸ்கிரிப்டிலேயே எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றாம் வாயிலிருந்து ஆறாம் வாய்க்குப் போகும்போது இடையில் இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு போகும், பிள்ளை பாடாமல் எதையோ மெல்லுகிற மாதிரி இருக்கும். நாங்கள் எல்லா வாயையும் ஒரு ஃப்ரேம் முன்னாலேயே வைக்கிறோம், கண்ணுக்கு அது ஒத்துப்போகிறது. மலையாள ஆடியோ வந்தால் அதே ஸ்கிரிப்டை இன்னொரு தடவை ஓட்டுவதோடு சரி, பிறகு நாலைந்து இடத்தில் கையால் திருத்தம்.

எழுத்து விஷயத்தில் பிளெண்டருக்கு மார்க் குறைக்கத்தான் வேண்டும். நான் வைத்திருக்கும் 4.2-ல் டெக்ஸ்ட் ஆப்ஜெக்டில் தெங்கம்புதூர் என்று தட்டினால், முன்னால் நிற்க வேண்டிய ஒற்றைக்கொம்பு த-வுக்குப் பின்னால் போய் நிற்கும். மலையாளத்துக்கும் அதே கதி. வழி இல்லாமல் இல்லை: இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் எழுத்தை எழுதி, அதைக் கோட்டு வடிவமாக மாற்றி எஸ்விஜி ஃபைலாக எடுத்து, பிளெண்டருக்குள் இறக்கலாம். இங்க்ஸ்கேப்பையும் கமாண்ட் லைனில் ஓட்ட முடியும் என்பதால், எக்செல் ஷீட்டில் வரிகளை வைத்துவிட்டு மொத்தத்தையும் ஒரே ஸ்கிரிப்டில் முடித்துவிடலாம். சுற்றுவழிதான், ஆனாலும் ஒருமுறை எழுதினால் வருஷம் முழுக்க ஓடும்.

கற்றுக்கொள்வது கஷ்டமா? எங்களோடு வேலை பார்க்கிற தம்பி, “அண்ணே, பைத்தான் படிக்கவே ஆறு மாசம் ஆவுமே” என்றான். “படிக்காண்டாம் டே, நீ பட்டனை அமுக்கு, அது என்ன எழுதுதுன்னு பாரு” என்றேன். சும்மா சொன்னதில்லை. பிளெண்டரில் இன்ஃபோ எடிட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்தால், நீங்கள் செய்கிற பெரும்பாலான காரியங்கள் பைத்தான் வரிகளாக அங்கே வந்து விழும், காப்பி பண்ணி ஒட்டலாம். பிரிஃபரன்ஸில் பைத்தான் டூல்டிப்ஸை ஆன் செய்தால் ஒவ்வொரு பட்டன் மேலும் அதன் பைத்தான் பெயர் தெரியும். எந்தக் கட்டத்தின் மேலும் ரைட் கிளிக் செய்து டேட்டா பாத்தை (ஸ்கிரிப்டில் அதைக் குறிக்கும் முகவரியை) எடுக்கலாம். நான் பார்த்த வரையில் இவ்வளவு வெளிப்படையாக உள்ளே காட்டுகிற அனிமேஷன் மென்பொருள் வேறு இல்லை. மாயாவிலும் பைத்தான் உண்டு, மோஹோவில் லுவா உண்டு, ஆனால் அவற்றுக்கு முதலில் காசு கட்ட வேண்டும்.

ஆனால் அந்தக் காப்பி வரிகளோடு நின்றுவிட்டால் சீக்கிரமே முட்டுவீர்கள். பட்டனை அமுக்குவதற்குச் சமமான அந்தக் கட்டளைகள் எந்த ஜன்னல் திறந்திருக்கிறது, எது செலக்ட் ஆகியிருக்கிறது என்பதையெல்லாம் பார்த்துத்தான் ஓடும், சரியில்லாவிட்டால் கான்டெக்ஸ்ட் (சூழல்) தப்பு என்று முகத்தில் அடிக்கும். நூற்றுக்கணக்கான தடவை லூப்பில் ஓட்டினால் ஆமை வேகம். டேட்டாவை நேரடியாகத் தொட்டு மாற்றும் வழிக்கு வந்துவிட்டால் இந்த இரண்டு தொல்லையும் பெரும்பாலும் போய்விடும்.

ரெண்டர், அதாவது ஃப்ரேம்களைப் படமாக எடுப்பது, அதைப் பற்றிச் சுருக்கமாக. நம் ஊரில் ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை, கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. நேராக எம்பி4 எடுக்காதீர்கள், பிஎன்ஜி படங்களாக எடுத்து, ஓவர்ரைட்டை ஆஃப் செய்து, பிளேஸ்ஹோல்டரை (எடுக்கத் தொடங்கிய ஃப்ரேமுக்கு ஒரு காலி ஃபைல் வைப்பதை) ஆன் செய்யுங்கள். விட்ட இடத்திலிருந்து தொடரும், இரண்டு கம்ப்யூட்டர் ஒரே ஃபோல்டரில் பங்கு போட்டும் எடுக்கும். நடுவில் நின்றுபோனால் பாதியில் கிடக்கும் காலி ஃபைலை மட்டும் அழித்துவிட்டு ஓட்டுங்கள். இதையெல்லாம் பிளெண்டரைத் திறக்காமலே கமாண்ட் லைனில் ஓட்டலாம், ஆனால் அங்கே வரிசை முக்கியம்: எங்கே சேமிப்பது என்பதை ரெண்டர் செய் என்பதற்கு முன்னால் சொல்ல வேண்டும், பின்னால் சொன்னால் கண்டுகொள்ளாது.

இனி பெரிய குறை. வெர்ஷன் மாறினால் ஸ்கிரிப்ட் மாறும். 2019-இல் 2.80 வந்தபோது ஆப்ஜெக்டை செலக்ட் செய்கிற வரியே மாறியது. 4.0-ல் கான்டெக்ஸ்ட் கொடுக்கும் பழைய முறையை எடுத்துவிட்டார்கள். 4.3-ல் கிரீஸ் பென்சிலை (2டி வரையும் கருவியை) அடியோடு மாற்றி எழுதினார்கள், 2டி செய்பவர்களின் ஸ்கிரிப்ட் பல காலி. 4.4-ல், கீஃப்ரேம்களைச் சேர்த்து வைக்கும் ஆக்‌ஷனுக்குள் ஸ்லாட் என்று ஒன்று வந்தது, பழைய வழியில் கர்வ்களை (கீஃப்ரேம்கள் அடுக்கி நிற்கும் கோடுகளை) தொடுவது கொஞ்ச நாள் ஓடியது, 2025 நவம்பரில் வந்த 5.0-ல் அதுவும் போய்விட்டது. நம் வாயசைவு ஸ்கிரிப்ட் தொடுகிற இடமே அதுதான். காரணம் இல்லாமல் செய்யவில்லை, உள்ளே நிஜமாகவே நன்றாகத்தான் ஆக்கியிருக்கிறார்கள், ஆனால் வி.பி.எஸ். நெருக்கடியில் இருக்கிறவனுக்கு அந்த நியாயம் எதற்கு?

ஆகவே எல்டிஎஸ் (நீண்ட காலம் ஆதரவு கிடைக்கும்) வெர்ஷனில் இருங்கள், அதற்கு 2 வருஷம் திருத்தம் வரும். 4.2 வந்தது 2024 ஜூலையில், 4.5 வந்தது 2025 ஜூலையில். புதிதாகத் தொடங்குகிறவர்கள் 4.5-ஐ எடுங்கள். ஏஐயிடம் ஸ்கிரிப்ட் கேட்டால் எந்த வெர்ஷன் என்று சொல்லிக் கேளுங்கள், இல்லாவிட்டால் 2.79 காலத்து வரியையும் இன்றைய வரியையும் கலந்து அவியல் வைத்துத் தரும். அப்புறம், முன்பின் தெரியாதவர்கள் அனுப்பும் பிளெண்ட் ஃபைலைத் திறக்கும்போது ஸ்கிரிப்டைத் தானாக ஓடவிடாதீர்கள், அந்த ஆப்ஷன் முதலிலேயே ஆஃப் ஆகத்தான் இருக்கும், அப்படியே விடுங்கள்.

லைசென்ஸ் பற்றிக் கேட்கிறார்கள். பிளெண்டர் ஜிபிஎல் (யாரும் பார்த்து மாற்றலாம் என்ற திறந்த மூல லைசென்ஸ்), அதற்கு எழுதும் ஆட்-ஆனை (கூடுதலாகச் சேர்க்கும் ஸ்கிரிப்டை) வெளியே கொடுத்தால் அதுவும் ஜிபிஎல்-க்கு ஒத்த லைசென்ஸில்தான் போக வேண்டும், விற்கத் தடை இல்லை. படமும் பிளெண்ட் ஃபைலும் உங்களுடையது. எங்கள் பார்ட்டிக்குப் போவது வீடியோ மட்டும்தான், ஸ்கிரிப்ட் எங்கள் கம்ப்யூட்டரிலேயே கிடக்கிறது, அதனால் யாருக்கும் காட்ட வேண்டியதில்லை.