ஆதாரம் யார் கையில்? நீதிமன்றமா, தீர்ப்பாயமா, ஆம்புட்ஸ்மேனா, நடுவரா

தகராறு முற்றி, பேச்சுவார்த்தையும் முறிந்துபோன பிறகு எல்லோரும் கேட்பது இரண்டு கேள்விகள்தான். எவ்வளவு செலவாகும்? எத்தனை நாள் இழுக்கும்? கேட்க வேண்டியவைதான். ஆனால் எங்கே போவது என்று முடிவெடுக்க இவற்றைவிட உதவும் கேள்வி ஒன்று உண்டு. நம் பக்க நியாயத்தைக் காட்டும் ஆதாரம் இப்போது யார் கையில் இருக்கிறது?

இரண்டு தகராறுகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று, வீடு கட்டித் தருவதாக முன்பணம் வாங்கிய ஒப்பந்தக்காரர் பாதியில் வேலையை விட்டுவிட்டுப் போய்விட்டார். ஒப்பந்தம், ரசீது, அரைகுறையாக நிற்கும் சுவரின் படங்கள் எல்லாம் உங்களிடமே இருக்கின்றன. இன்னொன்று, காப்பீட்டு நிறுவனம் 'முன்பே இருந்த நோயை மறைத்துவிட்டீர்கள்' என்று சொல்லிப் பணம் தர மறுக்கிறது. பாலிசி எடுக்கும்போதே நீங்கள் தொலைபேசியில் நோயைச் சொல்லியிருக்கிறீர்கள். அந்த உரையாடலின் பதிவு நிறுவனத்திடம் இருக்கிறது. இரண்டும் பணத் தகராறுதான். ஆனால் இரண்டுக்கும் ஒரே வழியைச் சொல்கிறவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

முதலில் உரிமையியல் நீதிமன்றம். ஆங்கிலேய மரபில் வந்த நாடுகளில் நீதிபதி துப்பறிய மாட்டார். பிராது கொடுப்பவரும் எதிராளியும் ஆவணங்களையும் சாட்சிகளையும் கொண்டுவர வேண்டும். குறுக்கு விசாரணையில் எது தாக்குப்பிடிக்கிறது என்று பார்த்துவிட்டு, எந்தப் பக்கம் சொல்வது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று அவர் முடிவு சொல்வார். இந்த எல்லையை நீதிபதி தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தில் 1957இல் தீர்ப்பான ஜோன்ஸ் எதிர் தேசிய நிலக்கரி வாரியம் வழக்கு இருக்கிறது. சுரங்கத்தின் கூரை சரிந்து கணவரை இழந்த பெண் தொடுத்த வழக்கு அது. விசாரித்த நீதிபதி சாட்சிகளிடம் தானே ஓயாமல் கேள்வி கேட்டார். உண்மை தெரிய வேண்டும் என்ற ஆர்வம்தான். ஆனால் மேல்முறையீட்டில் அந்தப் பெண்ணின் தரப்பும் வாரியத்தின் தரப்பும் சேர்ந்தே அதைக் குறை சொன்னார்கள். மறுபடியும் முதலிலிருந்து விசாரிக்க உத்தரவானது.

அப்படியானால் எதிராளியின் பெட்டிக்குள் இருப்பதை எப்படி எடுப்பது? ஆவணங்களைக் காட்டச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடலாம். அமெரிக்காவில் இது உச்சத்துக்கே போயிருக்கிறது. 1938இல் வந்த கூட்டாட்சி உரிமையியல் நடைமுறை விதிகளின் கீழ் வழக்கு விசாரணைக்கு முன்பே எதிர்த்தரப்பின் கோப்புகளைக் கேட்டு வாங்கலாம். ஒரு சாட்சியை உட்காரவைத்து ஒரே நாளில் 7 மணி நேரம்வரை கேள்வி கேட்கலாம். அதிகாரம் பெரியதுதான், ஆனால் அதைப் பயன்படுத்தத் தெரிந்த வழக்கறிஞருக்குக் கூலியும் கொடுத்தாக வேண்டும். எதிராளி ஒரு லாரி நிறையக் காகிதத்தை அனுப்பிவைத்தால் அதைப் படிக்கவும் ஆள் வேண்டும்.

ஜெர்மனியில் நடப்பு வேறு. உண்மைகளை எடுத்துவைப்பது அங்கேயும் தரப்பினர் பொறுப்புதான். ஆனால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 139ஆம் பிரிவு, வழக்கில் தெளிவில்லாத இடங்களை நீதிபதியே கேட்டுத் தெளிவுபடுத்த வேண்டும் என்கிறது. சாட்சியை முதலில் கேள்வி கேட்பவரும் அவர்தான். சுவர் ஏன் விரிசல் விட்டது என்று சொல்ல வேண்டிய நிபுணரையும் பெரும்பாலும் நீதிமன்றமே நியமிக்கும். ஒவ்வொரு தரப்பும் தனக்குச் சாதகமாகப் பேசும் பொறியாளரைக் கூட்டிவந்து நிறுத்துவதைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் கருத்து.

தீர்ப்பாயங்களை நீதிமன்றத்தின் தம்பிகள் என்று நினைத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. பாதி சரி. வேலைவாய்ப்பு, வாடகை, அடுக்குமாடிக் குடியிருப்பு என்று ஏதாவது ஒரு துறைக்கென்றே இருப்பதால் உறுப்பினர்களுக்கு அந்தத் துறையின் நெளிவுசுளிவு தெரியும். சாட்சியச் சட்டத்தின் கெடுபிடி குறைவு. வக்கீல் இல்லாமல் தனியாக வந்து நிற்பவரிடம், 'இந்தத் தேதிக்கு என்ன சான்று வைத்திருக்கிறீர்கள்?' என்று அவர்களே கேட்பார்கள். ஆனால் நீங்கள் இல்லாத நேரத்தில் எதிராளியின் அலுவலகத்துக்குப் போய் யாரும் கோப்பைப் புரட்டப்போவதில்லை. சான்றைத் திரட்டும் வேலை இங்கேயும் பெரும்பாலும் உங்கள் தலையில்தான்.

கட்டணம் குறைவு என்பதையும் நிரந்தரம் என்று நம்பிவிடக் கூடாது. பிரிட்டனின் வேலைவாய்ப்புத் தீர்ப்பாயங்களில் 2013இல் கட்டணம் கொண்டுவந்தார்கள். சிலவகை வழக்குகளை இறுதி விசாரணைவரை கொண்டுபோக 1,200 பவுண்டு ஆனது. வரும் வழக்குகள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டன. 2017இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்தக் கட்டண உத்தரவைச் சட்டவிரோதம் என்று சொல்லி ரத்து செய்தது. சிறிய தொகைக்கான தகராறுக்குக் கட்டணம் எப்படிப்பட்ட பூட்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் வேறு பாதையில் போனது. 2016இல் அங்கே தொடங்கிய இணையவழித் தீர்ப்பாயம் அடுத்த ஆண்டு முதல் 5,000 டாலர்வரையிலான சிறு வழக்குகளையும் எடுத்துக்கொண்டது. முதலில் சமரசப் பேச்சு. அது நடக்காவிட்டால் பெரும்பாலும் எழுத்து வழியாகவே தீர்ப்பு. நம் ஒப்பந்தக்காரர் தகராறு சிறிய தொகை என்றால் அதற்கு அளவெடுத்துத் தைத்த சட்டை இது.

காப்பீட்டுத் தகராறுக்கு நான் முதலில் பார்ப்பது ஆம்புட்ஸ்மேன் என்கிற குறைதீர்ப்பாளரைத்தான். ஏனென்றால் விசாரிப்பது இவருடைய வேலையே. பிரிட்டனில் 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த நிதித் துறைக் குறைதீர்ப்பாளர் அமைப்பு நடக்கும் விதத்தைப் பாருங்கள். புகாரை முதலில் நிறுவனத்திடமே சொல்ல வேண்டும். பொதுவாக அதற்கு 8 வாரம் அவகாசம். பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ அமைப்பின் விசாரணையாளர் கோப்பைக் கையில் எடுப்பார். அந்தத் தொலைபேசிப் பதிவை அனுப்புங்கள், பாலிசி விற்றவர் எழுதிவைத்த குறிப்பை அனுப்புங்கள் என்று நிறுவனத்திடம் அவரே கேட்பார். தகவலைக் கேட்டு வாங்கச் சட்டமே அதிகாரம் கொடுத்திருக்கிறது. வழக்கறிஞருக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்து நீங்கள் எடுக்க வேண்டிய ஆதாரம், புகார்தாரருக்கு ஒரு காசு செலவில்லாமல் மேசைக்கு வந்துவிடுகிறது.

இன்னொரு வசதி, சட்டப்படி சரியா என்பதோடு இவர்கள் நிற்பதில்லை. எல்லாச் சூழ்நிலையையும் வைத்துப் பார்த்தால் எது நியாயம் என்றும் பார்க்கிறார்கள். இறுதி முடிவை நீங்கள் ஏற்றுக்கொண்டால் அது நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். ஏற்காவிட்டால் நீங்கள் நீதிமன்றத்துக்குப் போகலாம். நிறுவனத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

குறை இல்லாமல் இல்லை. பெரும்பாலும் காகிதத்தை வைத்தே முடிவு செய்வதால், இருவரில் ஒருவர் பொய் சொல்கிறார் என்ற நிலை வந்தால் இந்த முறை தடுமாறும். பொய் சொல்பவரை நிறுத்திவைத்து மடக்க குறுக்கு விசாரணைதான் சரி. இதைவிடப் பெரிய குறை, குறிப்பிட்ட சில துறைகளுக்குத்தான் குறைதீர்ப்பாளர் உண்டு. ஓடிப்போன ஒப்பந்தக்காரரைப் பற்றி வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் சொல்லி என்ன பயன்?

நீதிமன்றத்துக்குப் போகாமல் நடுவர் ஒருவரின் முடிவுக்குக் கட்டுப்படுவதாக ஒப்பந்தத்திலேயே ஒத்துக்கொள்ளும் தனியார் நடுவர் தீர்ப்பாயத்தைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. சம பலமுள்ள இரண்டு கம்பெனிகளுக்கு நல்ல ஏற்பாடு. நடுவரைத் தாங்களே தேர்ந்தெடுக்கலாம், விஷயம் வெளியே வராது, மேல்முறையீட்டு இழுபறியும் குறைவு. ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாத மூன்றாம் ஆளிடம் இருக்கும் ஆவணத்தைப் பெற நடுவருக்கு நீதிமன்றத்தின் துணை தேவைப்படும். தகராறு வந்தால் நடுவரிடம்தான் போக வேண்டும் என்ற விதியை நிறுவனம் ஒப்பந்தத்தின் பொடி எழுத்தில் சேர்த்துவிட்டால் வாடிக்கையாளர் கதி என்ன என்பதை ஏடி அண்ட் டி என்ற தொலைபேசி நிறுவனத்தின் மீதான அமெரிக்க வழக்கு காட்டியது. இலவசம் என்று சொன்ன போனுக்கு விற்பனை வரியாக 30.22 டாலர் வாங்கியதில் தொடங்கிய வழக்கு அது. எல்லா வாடிக்கையாளர் சார்பிலும் கூட்டாக நடத்த முடியாது, தனித்தனியாக நடுவரிடம் போங்கள் என்றே 2011இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு முடிந்தது. முப்பது டாலருக்கு யார் தனியாகப் போவார்?

ஜெயித்த பிறகு பணத்தை வாங்குவது தனிக் கதை. இதில் நீதிமன்றத்துக்கு ஈடு இல்லை. சொத்தை ஜப்தி செய்யும், வங்கிக் கணக்கை முடக்கும். தீர்ப்பாயமோ நடுவரோ சொன்னதை எதிராளி மதிக்காவிட்டால் கடைசியில் வந்து நிற்பதும் இங்கேதான். ஒரே ஒரு விதிவிலக்கான வசதி உண்டு. எதிராளியின் சொத்து வேறு நாட்டில் இருந்தால் நடுவர் தீர்ப்புக்கு 1958ஆம் ஆண்டின் நியூயார்க் உடன்படிக்கை துணைக்கு வரும். 170க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இருக்கின்றன. நீதிமன்றத் தீர்ப்புக்கு அவ்வளவு பரவலான உடன்படிக்கை கிடையாது.

ஆக, ஒப்பந்தக்காரர் மீது சிறு வழக்கு நீதிமன்றம் அல்லது அதற்கான தீர்ப்பாயம். காப்பீட்டு நிறுவனம் என்றால் குறைதீர்ப்பாளர். ஆனால் இரண்டாவதில் ஒரு சிக்கல் உண்டு. வழக்குத் தொடுக்கும் காலவரம்பு பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் போட்ட நுகர்வோர் தகராறு ஆணையில், மாற்றுவழியில் விசாரணை நடக்கும்போது கெடு முடிந்துபோவதால் நீதிமன்றக் கதவு அடைபடக் கூடாது என்று சேர்த்தார்கள். அப்படிப்பட்ட பாதுகாப்பு உங்களுக்கு இல்லை என்றால் கெடுவைக் கணக்கில் வைத்து, புகாரைத் தாமதிக்காமல் கொடுத்துவிடுங்கள். பாதுகாப்புக்காக வழக்கையும் சேர்த்துப் போட்டுவிடலாம் என்று நினைத்தால், நீதிமன்றத்தில் இருக்கும் விஷயத்தைத் தொடமாட்டோம் என்று குறைதீர்ப்பாளர் கோப்பைத் திருப்பி அனுப்பக்கூடும்.