போக்கர் கற்க எந்த மேசையில் அமர்வது?

கேசினோவில் போக்கர் என்ற பெயரில் நடப்பவை எல்லாம் ஒரே ஆட்டம் அல்ல. கேசினோவையே எதிர்த்து ஆடும் மூன்று சீட்டுப் போக்கர், அல்டிமேட் டெக்சஸ் ஹோல்டெம் போன்றவை ஒரு பக்கம். சக ஆட்டக்காரர்களோடு மோதும் உண்மையான போக்கர் மறுபக்கம். அதிலும் நுழைவுக் கட்டணம் கட்டி ஆடும் டோர்னமென்ட், பந்தயத்துக்கு அளவு வகுத்த லிமிட் ரொக்க ஆட்டம், அளவே இல்லாத நோ-லிமிட் ரொக்க ஆட்டம் என்று மூன்று கிளைகள். புதியவர் எதில் தொடங்குவது என்று கேட்டால், எது எளிதோ அதில் என்பார்கள் பலர். என் அளவுகோல் வேறு. புதியவர் தவறு செய்யத்தான் போகிறார். அந்தத் தவறுக்கு எந்த மேசை எவ்வளவு விலை வாங்குகிறது? வாங்கிய விலைக்கு எதையாவது சொல்லித்தருகிறதா?

எளிமையில் மூன்று சீட்டுப் போக்கரை மிஞ்ச எதுவும் இல்லை. 1994இல் டெரெக் வெப் உருவாக்கிய இந்த ஆட்டத்தின் உத்தியை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: ராணி-6-4 அல்லது அதைவிட உயர்ந்த சீட்டு இருந்தால் ஆட வேண்டும், இல்லையேல் விட்டுவிட வேண்டும். அதைப் பிசகாமல் செய்தாலும், வழக்கமான பரிசு அட்டவணையில் முதல் பந்தயத் தொகையில் சுமார் 3.37 சதவீதம் காலப்போக்கில் கேசினோவுக்குப் போய்ச் சேரும். ஜோடிக்கும் அதற்கு மேற்பட்டவற்றுக்கும் பணம் தரும் பக்கப் பந்தயத்தின் நிலை மேசைக்கு மேசை மாறும். சில அட்டவணைகளில் கேசினோவின் பங்கு 7 சதவீதத்தையும் தாண்டுகிறது. டீலர் பொறுமையாக உதவுவார், யாரும் முறைக்க மாட்டார்கள். எல்லாம் சரிதான். ஆனால் இந்த எதிரி பொய்ப் பந்தயம் வைப்பதில்லை, பயப்படுவதில்லை, பந்தயத்தை உயர்த்தி மிரட்டுவதும் இல்லை. எதிரியைப் படிக்கும் கலையை இங்கே எப்படிக் கற்பது?

கற்காமல் போவதோடு நின்றால் பரவாயில்லை, தவறாகவும் கற்றுவிடலாம். மூன்று சீட்டுகளில் அமையக்கூடிய 22,100 சேர்க்கைகளில் ஃபிளஷ் (எல்லாச் சீட்டும் ஒரே இனம்) 1,096, ஸ்டிரெய்ட் (அடுத்தடுத்து வரிசையாக வரும் சீட்டுகள்) 720. அரிதானது உயர்ந்தது என்ற விதிப்படி இங்கே ஸ்டிரெய்ட், ஃபிளஷை வெல்லும். ஐந்து சீட்டுப் போக்கரில் இது தலைகீழ். அல்டிமேட் டெக்சஸ் ஹோல்டெம் இன்னும் நயமாக ஏமாற்றுகிறது. பார்வைக்கு அது அசல் ஹோல்டெம் போலவே இருக்கும்: கையில் இரண்டு சீட்டு, நடுவில் ஐந்து. அதன் சரியான உத்திப்படி ஏஸ் ஒன்று கையில் இருந்தால், கூட வந்த சீட்டு எதுவானாலும் முதல் பந்தயத்தைப் போல 4 மடங்கை உடனே வைக்க வேண்டும். இந்தப் பழக்கத்தோடு ஒன்பது பேர் அமர்ந்த உண்மையான மேசைக்கு வந்து, முதலில் பேச, அதாவது முடிவெடுக்க, வேண்டிய இடத்திலிருந்து ஏஸ்-2ஐ ஆடினால், உங்களைவிட நல்ல ஏஸ் வைத்திருப்பவருக்குக் கப்பம் கட்டிக்கொண்டே இருப்பீர்கள். கேசினோவின் பங்கைப் பொறுத்தவரை இது மோசமான ஆட்டமல்ல. பிழையின்றி ஆடினால் மொத்தமாக வைக்கும் பணத்தில் அரை சதவீதத்தை ஒட்டித்தான் நஷ்டம். பொழுதுபோக்காக ஆடுகிறவரை நான் தடுக்க மாட்டேன். போக்கர் கற்கும் வழி என்று சொல்லி அதில் அமர்கிறவரைத் தடுப்பேன்.

டோர்னமென்டுக்கு வருவோம். இதன் பெரிய வசதி, இழக்கக்கூடிய உச்சத் தொகை வாசலிலேயே தெரிந்துவிடுவது. கட்டிய கட்டணத்துக்கு மேல் ஒரு காசும் போகாது, நீங்களாக மறுநுழைவு வாங்காத வரையில். கொடுக்கப்படும் சில்லுகளுக்கு ரொக்க மதிப்பு இல்லாததால் முதல் நாள் கைநடுக்கமும் குறைவு. பலர் பேசாத இன்னொரு நன்மையும் உண்டு. ஒருவர் தன் சில்லு முழுவதையும் வைத்து, மற்றவர்களின் பந்தயமும் முடிந்துவிட்டால், மோதும் சீட்டுகள் அனைத்தும் உடனே திறக்கப்பட வேண்டும் என்பது டோர்னமென்ட் விதி. ரொக்க மேசைகளில் பொதுவாக அந்தக் கட்டாயம் கிடையாது. தோற்றவர் சீட்டைக் காட்டாமலே டீலரிடம் தள்ளிவிடுவார். அனுபவசாலிகள் எந்தச் சீட்டோடு எல்லாவற்றையும் பணயம் வைக்கிறார்கள் என்பதைச் சும்மா உட்கார்ந்தே பார்க்க முடிகிற இடம் டோர்னமென்ட்தான்.

குறை எங்கே என்றால், நேரத்தில். சிறிய டோர்னமென்டுகளில் பிளைண்ட் தொகை (சீட்டைப் பார்க்குமுன் இருவர் கட்டாயமாக வைக்க வேண்டிய சிறிய, பெரிய பந்தயங்கள்) 20 நிமிடத்துக்கு ஒருமுறை உயரும் என்று வைத்துக்கொள்வோம். 20,000 சில்லோடு 100/200இல் தொடங்குகிறீர்கள். அதாவது 100 பெரிய பிளைண்ட். ஐந்தாம் நிலையில் பிளைண்ட் 400/800 ஆகியிருந்தால், ஒரு சில்லும் இழக்காதவரிடம்கூட 25 பெரிய பிளைண்ட்தான் மிச்சம். டீலர் கையால் கலைத்துப் போடும் மேசையில் மணிக்கு 25 முதல் 30 கைகள் (ஒருமுறை சீட்டுப் போட்டு ஆடி முடிப்பது ஒரு கை) நடந்தால் நல்ல வேகம். ஆக அந்த 80 நிமிடத்தில் நீங்கள் பார்த்தது நாற்பது கையைத் தாண்டாது. ஒரு ஜோடி ஏஸ் வருவதற்கான வாய்ப்பு 221இல் 1. மணிக்கு 27 கை என்றால் சராசரியாக எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. நல்ல சீட்டுக்குக் காத்திருக்க டோர்னமென்ட் அவகாசம் தராது. அதன் பிற்பகுதி, எல்லாவற்றையும் வைப்பதா விட்டுவிடுவதா என்ற ஒற்றைக் கேள்வியாகச் சுருங்கிவிடும். நடுவில் முதல் மூன்று சீட்டு விழும் ஃபிளாப், நான்காவது விழும் டர்ன், ஐந்தாவது விழும் ரிவர் என மூன்று கட்டங்களிலும் யோசித்து ஆடும் பயிற்சி அங்கே கிடைப்பது சொற்பம். கட்டணத்தில் நடத்துகிறவரின் பங்கு எவ்வளவு என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். மலிவான டோர்னமென்டுகளில் இந்த விகிதம் கூடுதலாகவே இருக்கும்.

இனி ரொக்க மேசைகள். 2/4 லிமிட் ஆட்டத்திலும் 1/2 நோ-லிமிட் ஆட்டத்திலும் கட்டாய பிளைண்ட் பெரும்பாலும் ஒன்றேதான்: 1, 2. பார்க்க அண்ணன் தம்பி போல இருக்கும். லிமிட்டில் முதல் இரண்டு சுற்றிலும் பந்தயம் 2, அடுத்த இரண்டில் 4. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பந்தயமும் மூன்று உயர்த்தல்களும் என்பது வழக்கமான வரம்பு. மிக மோசமான கையில் இழப்பு 8, 8, 16, 16 எனக் கூட்டினால் 48. (இருவர் மட்டும் மிஞ்சினால் பல இடங்களில் உயர்த்தல் வரம்பை நீக்கிவிடுவார்கள் என்பதைக் கவனத்தில் கொள்ளவும்.) அதே பிளைண்ட் உள்ள நோ-லிமிட்டில் 200 வைத்து அமர்ந்தவர் அந்த 200ஐயும் ஒரே கையில் இழக்கலாம். தவறின் விலை நான்கு மடங்குக்கும் மேல்.

அப்படியானால் லிமிட்தானே சரி? இங்கேதான் சிக்கல். ஒரு கையை எடுத்துக்கொள்வோம். டர்ன் முடிந்துவிட்டது, உங்களிடம் நான்கு ஆர்ட்டின் இருக்கிறது, ஐந்தாவது வந்தால் ஃபிளஷ். பார்க்காத 46 சீட்டுகளில் 9 உங்களுக்கு உதவும், வாய்ப்பு 19.6 சதவீதம். லிமிட்டில் எதிரியின் பந்தயமும் சேர்ந்து குவியலில் 30 இருக்க, நீங்கள் போட வேண்டியது 4. மொத்தம் 34இல் உங்கள் பங்கு 4தான், வெற்றி வாய்ப்பு 12 சதவீதம் இருந்தாலே போதும் என்பதால் கண்ணை மூடிக்கொண்டு தொடரலாம். நோ-லிமிட்டில் அதே 30 இருக்கும் குவியலுக்கு எதிரி இன்னொரு 30ஐ வைக்கிறார். இப்போது தொடர 33 சதவீதம் தேவை. ஃபிளஷ் விழுந்த பிறகு அவரிடமிருந்து பெரிதாக இன்னும் கறக்க முடியும் என்று நம்பிக்கை இருந்தாலொழிய சீட்டைப் போட்டுவிடுவதே முறை. லிமிட்டில் சரியான பழக்கம் நோ-லிமிட்டில் பணத்தைக் கரைக்கும் பழக்கமாகிவிடுகிறது. பொய்ப் பந்தயமும் அப்படியே: 34 கிடைக்கக்கூடிய இடத்தில் 4 கேட்டு யாரை விரட்ட முடியும்? எனவே லிமிட் கணக்கைக் கற்றுத்தரும், சீட்டின் மதிப்பை எடைபோடக் கற்றுத்தரும். பயத்தைக் கையாளக் கற்றுத்தராது.

லிமிட் மேசைகள் இன்று அருகிப்போனதற்கு 2003ஆம் ஆண்டு ஒரு முக்கியக் காரணம். கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்கர், இணையத்தில் தகுதிச்சுற்று வென்று, லாஸ் வேகாஸில் 839 பேர் ஆடிய உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் 25 லட்சம் டாலர் பரிசைத் தட்டிச் சென்றார். அது நோ-லிமிட் ஹோல்டெம். மூன்றே ஆண்டில், 2006இல், அதே போட்டிக்கு 8,773 பேர் வந்தார்கள். தொலைக்காட்சியில் பார்த்த ஆட்டத்தையே எல்லோரும் கேட்டதால் கேசினோக்களும் அதையே விரித்தன. உங்களுக்கு எட்டும் தூரத்தில் லிமிட் மேசை இருந்தால் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

நேரடி மேசைக்கே உரிய சடங்குகள் எல்லா வடிவத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான், விலைதான் வேறு. வாய்விட்டுச் சொன்னால் அது கட்டுப்படுத்தும். எதிரியின் பந்தயத்துக்கு எதிரே ஒன்றும் சொல்லாமல் ஒற்றைப் பெரிய சில்லை வைத்தால், மதிப்பு எவ்வளவு இருந்தாலும், அது வெறும் ‘கால்’ (call), அதாவது அவர் வைத்த தொகைக்கு ஈடுகட்டித் தொடர்வது மட்டுமே. சில்லுகளை இரண்டு தவணையாக முன்னே தள்ளினால் இரண்டாவது செல்லாது. உங்கள் முறை வருமுன் பேசக்கூடாது. சீட்டின் மேல் ஒரு சில்லை வைத்துக் காக்காவிட்டால் டீலர் அதை வாரிக்கொண்டு போய்விடலாம். உயர்த்துவதாக நினைத்து ஒற்றைச் சில்லை வைத்துவிட்ட புதியவர், டோர்னமென்டில் ஒரு கையின் வாய்ப்பை இழப்பார். நோ-லிமிட்டில் அதே தடுமாற்றம் பெரிய குவியலையே கெடுக்கக்கூடும். இந்தக் கைப்பழக்கத்தை டோர்னமென்டின் முதல் ஒரு மணி நேரத்தில், பிளைண்ட் சிறிதாக இருக்கும்போதே பழகிக்கொள்வது மலிவு.

என் வரிசை இது: கைப்பழக்கத்துக்கு இரண்டொரு சிறிய டோர்னமென்ட், அதன் பிறகு, கிடைத்தால் லிமிட், கிடைக்காவிட்டால் இருப்பதிலேயே குறைந்த பிளைண்ட் உள்ள நோ-லிமிட். அங்கே முழு 100 பெரிய பிளைண்டை வைத்து அமராமல், மேசை அனுமதிக்கும் குறைந்தபட்சத்தோடு அமருங்கள். பல இடங்களில் அது 40 அல்லது 50 பெரிய பிளைண்ட். சிறிய தொகையோடு அமர்கிறவரை ஏளனமாகப் பார்க்கும் ஆட்டக்காரர்கள் உண்டு. பார்த்துவிட்டுப் போகட்டும்.

சும்மா உட்கார்ந்திருந்தாலும் ரொக்க மேசை காசு தின்னும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 1/2 ஆட்டத்தில் ஒன்பது பேர் இருந்தால் ஒரு சுற்றுக்கு 3 போகும். மணிக்கு மூன்று சுற்று என்றால் 9, அதாவது நாலரை பெரிய பிளைண்ட். வென்ற குவியல்களிலிருந்து கேசினோ ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. 10 சதவீதம், அதற்கு ஓர் உச்சவரம்பு என்பது பரவலான முறை. சில இடங்களில் அரைமணிக்கு ஒருமுறை இருக்கைக் கட்டணம். சிறிய குவியல்களை அடிக்கடி வெல்வதில் பெருமைப்படுகிறவரிடமிருந்துதான் இந்தக் கழிவு அதிகம் போகிறது.

அமர்ந்தவுடன் சீட்டு வாங்க வேண்டிய அவசரமும் இல்லை. புதிதாக வந்தவர் பெரிய பிளைண்ட் தன் இருக்கைக்கு வரும்வரை ஆடாமல் காத்திருக்கலாம். கேட்டால் டீலரே சொல்வார். அதற்குள் ஏழெட்டுக் கைகள் கூடப் போகலாம், ஒரு சில்லும் செலவில்லை. யார் எல்லாக் கையிலும் நுழைகிறார், யார் உயர்த்தினால் மற்றவர்கள் சத்தமில்லாமல் விலகுகிறார்கள் என்று அப்போதே பார்த்துவிடலாம். எதற்கெடுத்தாலும் உயர்த்துகிறவர் உங்களுக்கு இடப்பக்கம் அமர்ந்திருந்தால், அவர் உங்களுக்குப் பிறகு பேசுவார் என்பதால், வேறு இருக்கை காலியாகும்போது மாற்றித்தரும்படி அப்போதே டீலரிடம் சொல்லிவையுங்கள்.